சிவப்புச் சுண்ணத்தில் எழுதிய தொண்ணூறு

ஓர் ஓடைக்கரையில் ஒரு கொக்கும் ஒரு மீன்கொத்தியும் குடியிருந்தன. கொக்கு ஒற்றைக்காலில் மணிக்கணக்காக நிற்கும். மீன்கொத்தியோ நொடியில் பாய்ந்து நொடியில் திரும்பும். அவ்வழியே வந்த நத்தை ஒன்று, "இந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது?" என்று கேட்டது. கொக்கு மணிக்கு இவ்வளவு என்றது. மீன்கொத்தி நொடிக்கு இவ்வளவு என்றது. இரண்டும் சரியாகத்தான் சொல்லின. இருந்தும் அன்று மூண்ட சண்டை அவற்றின் பேரக்குஞ்சுகள் காலம்வரை நீடித்தது. நத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வேறு ஓடை தேடிப் போய்விட்டது.

நம் கதையில் வரும் கொக்கும் மீன்கொத்தியும் ஒரே வீட்டில் வசித்தார்கள். ஒரே நீச்சல்குளத்தில் வேலை பார்த்தார்கள். நத்தைக்குத்தான் ஓடிப்போக வழியில்லை. ஏனென்றால் கொக்கு அவளுடைய கணவர். மீன்கொத்தி அவளுடைய உடன்பிறந்த தம்பி.

கணவர் இருபது ஆண்டுகள் நகரக் குடிநீர் நிலையத்தில் இருந்தவர். அங்கே தண்ணீரை மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றுதான் சொல்வார்கள். பெரிய தொட்டி, பெரிய குழாய், நிதானமான மனிதர்கள். தம்பி பத்து ஆண்டுகள் தீயணைப்பு வண்டியில் இருந்தவன். எரிகிற வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு மணிக்கணக்கில் எவன் பேசுவான்? நொடிக்கு இத்தனை லிட்டர், அவ்வளவுதான். ஆகவே குளத்துப் பணியாளர்கள் ஒருவரை மணிக்காரர் என்றும் மற்றவனை நொடிக்காரன் என்றும் அழைத்தார்கள். இருவருக்கும் மேலே, குளத்தின் தண்ணீருக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவளை எல்லோரும் ஆத்தக்கா என்றார்கள். அந்தப் பெயர் வந்த காரணத்தைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

வீட்டுச் சமையலறையில் ஒருமுறை புதுக் குழாய் மாட்டினார்கள். மணிக்காரர் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மணிக்குப் புள்ளி ஏழு ரெண்டு கன மீட்டர் வரும்."

"மாமா, சும்மா அடிச்சு விடாதீங்க," என்றான் தம்பி. "நொடிக்குப் புள்ளி ரெண்டு லிட்டர். அதுக்கு மேல ஒரு சொட்டு வராது."

"மச்சான், நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் தண்ணி அளந்தவன்."

"நான் பொறந்தப்ப நீங்க மூணாம் கிளாஸ். அப்ப எங்க போயி அளந்தீங்க, மூக்குலயா?"

ஆத்தக்கா பன்னிரண்டு லிட்டர் வாளி ஒன்றைக் குழாயின் கீழே வைத்தாள். ஒரு நிமிடத்தில் அது நிரம்பி வழிந்தது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றால் நொடிக்குப் புள்ளி இரண்டு லிட்டர்தான். மணிக்கு எழுநூற்றிருபது லிட்டர், அதாவது புள்ளி ஏழு இரண்டு கன மீட்டர்தான். அவள் இதைச் சொல்லிக் காட்டியும் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தான் தோற்காதது இருவருக்கும் போதவில்லை. மற்றவர் தோற்றிருக்க வேண்டும்.

அன்றுதான் அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். பம்பு அறையின் கரும்பலகையில் மணிக்காரருக்கான எண்களை நீலச் சுண்ணக்கட்டியாலும், தம்பிக்கான எண்களைச் சிவப்புச் சுண்ணக்கட்டியாலும் எழுதத் தொடங்கினாள். நீலம் என்றால் மணிக்குக் கன மீட்டர். சிவப்பு என்றால் நொடிக்கு லிட்டர். அலகை எழுத வேண்டியதே இல்லை. அலகு இல்லாத இடத்தில் சண்டையும் இல்லை. நிறம் மாறும்போது மூன்று புள்ளி ஆறால் பெருக்கியோ வகுத்தோ அவளே மனத்துக்குள் மாற்றிக்கொள்வாள். மூன்று ஆண்டுகள் அந்தப் பலகை மௌனமாகக் குடும்பத்தைக் காத்தது.

இனி ஆற்றுக்கு வருவோம். அந்தக் குளத்து வளாகத்தைச் சுற்றி, வளையமாக ஒரு செயற்கை ஆற்றை அமைக்க வேண்டும் என்பது ஆத்தக்காவின் எட்டாண்டுக் கனவு; ஆறு, ஆறு என்று சொல்லிச் சொல்லியே அவள் 'ஆற்று அக்கா', அதாவது ஆத்தக்கா ஆனாள். நூற்றிருபது மீட்டர் சுற்றளவு, இடுப்பளவு தண்ணீர். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும். தண்ணீரே நான்கு நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து விட்ட இடத்திலேயே விட வேண்டும். நீந்தத் தெரியாதவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதற்காக அவள் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு தலையணை உயரம் வரும். ஒருவழியாக வாய்க்கால் கட்டியாயிற்று. நான்கு பம்புகள் பொருத்தியாயிற்று. ஒரு கையெழுத்து மட்டுமே பாக்கி.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் பாதுகாப்பு ஆய்வாளர். அன்று காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. வாய்க்காலை மண்போட்டு மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்குவதற்கான வரைபடத்தை மேலாளர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அலைவார்.

"வெளியில ஒரு நிறுத்துற பொத்தான் வேணும் சார்," என்று ஆத்தக்கா மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். "பம்பு ரூம் பூட்டியிருந்தா அவசரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"கார் நிக்கிற எடத்துக்குப் பொத்தான் எதுக்கும்மா?" என்று மூன்று முறையும் அவர் சிரித்திருந்தார்.

காலை ஒன்பதே முக்காலுக்கு ஆத்தக்கா பம்பு அறையில் இருந்தாள். பம்பு ஒன்றுக்கு மணிக்குத் தொண்ணூறு கன மீட்டர் என்பது கணக்கு. நான்கு பம்புக்கும் சேர்த்து முந்நூற்றறுபது. எத்தனையோ முறை போட்டுப் பார்த்த கணக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வாசலிலிருந்து காவலாளி கூவினார்: "ஆத்தக்கா! அதிகாரி வந்துட்டாரு, கால் மணி முன்னாடியே வந்துட்டாரு!" கைக்கு அகப்பட்ட சுண்ணக்கட்டித் துண்டை எடுத்துப் பலகையில், "ஆறு – பம்பு ஒவ்வொன்றும் 90" என்று எழுதிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

ஆய்வாளர் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த மெலிந்த மனிதர். முகத்தில் சிரிப்பு வந்து போனதற்கான சுவடே கிடையாது. கழுத்தில் ஒரு நிறுத்துக்கடிகாரம் தொங்கியது.

"மூணு பெரியவங்க வளையத்துல உக்காந்து குறைஞ்சது ரெண்டு சுத்து போகணும். அதுல நான் ஒருத்தன்," என்றார். "அப்புறம் இங்க வேலை செய்யுற ஒருத்தர். மூணாவது, நிர்வாகத்துல ஒருத்தர்."

நிர்வாகம் என்றால் மேலாளர். அவர் விழித்தார். "நானா? எனக்குத் தலை சுத்தும் சார்."

"நாலு நிமிஷத்துக்கு ஒரு சுத்துதானே? ஊஞ்சலை விட மெதுவு," என்றார் ஆய்வாளர்.

மேலாளர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் அந்தச் சுருளைக் கைவிடவில்லை. நனையாதபடி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே வளையத்தில் அமர்ந்தார். ஆய்வாளர் அரைக்கால்சட்டைக்கு மாறினாரே தவிர, சட்டையையும் கழுத்துப்பட்டியையும் கழற்றவில்லை. பணியில் இருக்கும்போது கழற்றக்கூடாதாம்.

பணியாளர் சார்பில் நொடிக்காரன். அவன் பம்பு அறைக்குள் சென்று பலகையைப் பார்த்தான். ஒரு கணம் புருவத்தை உயர்த்தினான். பிறகு பலகையில் கண்டபடியே நான்கு பம்புகளுக்கும் அளவைக் கொடுத்தான். அந்தப் பம்புகள் எடுத்த எடுப்பில் பாய்பவை அல்ல. ஐந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல வேகம் கூடி, கேட்ட அளவை எட்டுபவை. கதவை இழுத்து விட்டான்; அது தானே பூட்டிக்கொண்டது. சாவியைச் சிவப்புக் கயிற்றில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "மாமா, பார்த்துக்கிட்டே இருங்க!" என்று தொபீரென்று வளையத்தில் குதித்தான்.

மணிக்காரர் பம்பு அறையை ஒட்டிய சிறு பாலத்தின் மேல், இலை சருகு வாரும் நீண்ட கோல்வலையோடு நின்றார். உயிர்காப்பாளப் பெண் கரையில் விசிலோடு நின்றாள். ஆத்தக்கா பாலத்தின் அருகே கரையில், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

முதல் இரண்டு நிமிடங்கள் சொர்க்கம். மூன்று வளையங்களும் பூப்போல் நகர்ந்தன. ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். மேலாளர்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நிமிடத்தில் ஆய்வாளரின் கழுத்துப்பட்டி காற்றில் பறக்கத் தொடங்கியது.

நான்காம் நிமிடத்தில் மேலாளர் கண்ணைத் திறந்தார்.

ஐந்தாம் நிமிடத்தில் ஆறு ஆறாக இல்லை. தண்ணீர் வளைவுகளில் சாய்ந்து ஏறியது. வளையங்கள் பம்பரமாகத் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு ஆற்றையும் சுற்றின. முதுகு முன்னாலும் முகம் பின்னாலுமாக மூவரும் பாலத்தைக் கடந்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினான் தம்பி. "இது எ—" அதற்குள் பாலம் அவனை விழுங்கிவிட்டது.

ஆத்தக்காவின் முகம் வெளிறியது. மணிக்காரர் பாலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். "பம்பு பைத்தியம் பிடிச்சு ஓடுது! நிறுத்து, நிறுத்து!"

"எதை வச்சு நிறுத்துறது? சாவி அவன் கழுத்துல!"

"இன்னொரு சாவி?"

இன்னொரு சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறைச் சாவி மேலாளரின் இடுப்பில் இருந்தது. மேலாளர் அப்போது எதிர்க்கரையில் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

வளையங்கள் மறுபடி வந்தன.

"—ன்ன வேகம்!" என்று தன் வாக்கியத்தை முடித்துவிட்டுப் போனான் தம்பி. அவனுக்குப் பின்னால் மேலாளர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "பொத்தான்! அந்தப் பொத்தானை அமுக்குங்க!" என்று அலறியபடி வந்தார்.

"நீங்க வாங்கித் தரலையே சார்!" என்றாள் ஆத்தக்கா.

பதில் சொல்ல அவருக்கு இன்னொரு சுற்று தேவைப்பட்டது. வந்ததும், "வாங்கித் தரேம்மா!" என்று உறுதியளித்தார். "மூணு வாங்கித் த—"

ஆய்வாளர் மட்டும் அலறவில்லை. அவர் தலைமயிர் நட்டுக்குத்தலாக நின்றது. ஆனால் கையில் நிறுத்துக்கடிகாரம் இருந்தது. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அதை அமுக்கி, கோயில் மணி போன்ற குரலில் அறிவித்தார்:

"அறுபத்தேழு நொடி!"

அடுத்த சுற்றிலும், "அறுபத்தேழு!"

அதற்கடுத்த சுற்றில், "மறுபடியும் அறுபத்தேழு! ஆச்சரியமா இருக்கு!"

மணிக்காரர் பாலத்திலிருந்து குனிந்து மைத்துனனை ஏசினார். நேரம் போதாமல் சுற்றுக்கு ஒரு வரியாக ஏசினார். "மச்சான், தீயணைக்கிற குழாயின்னு நெனச்சியா இதை?"

அறுபத்தேழு நொடி கழித்துப் பதில் வந்தது. "பலகையில இருந்ததைத்தான் மாமா போட்டேன்!"

"பலகையில தொண்ணூறுன்னுதானே இருக்கும்!"

இன்னும் ஓர் அறுபத்தேழு நொடி. "தொண்ணூறுதான் போட்டேன்!"

"பொய் சொல்றான்," என்றார் மணிக்காரர் மனைவியிடம். "இல்லேன்னா பம்பு கெட்டுப்போச்சு. நாலும் ஒரே நாள்ல கெட்டுப்போச்சு. முடிஞ்சுது நம்ம கதை."

ஆத்தக்கா அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அறுபத்தேழு, அறுபத்தேழு, அறுபத்தேழு. கெட்டுப்போன இயந்திரம் இப்படி ஒழுங்காகவா ஓடும்? அவள் பம்பு அறைச் சன்னலருகே போனாள். கம்பிக்குப் பின்னால் கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருந்தது. கம்பிக்குள் விரலை விட்டு அந்த ஆவியிலேயே எழுதினாள். நான்கு நிமிடம், இருநூற்று நாற்பது நொடி. அதை அறுபத்தேழால் வகுத்தாள். மூன்று வந்தது. மீதியையும் வகுத்தாள். மூன்று புள்ளி ஐந்து எட்டு.

விரல் நின்றுவிட்டது.

சமையலறைக் குழாயிலும் சாப்பாட்டு மேசையிலும் அவள் பல ஆண்டுகளாக மனத்துக்குள் சுமந்து திரிந்த எண் ஏறக்குறைய அதுதான். ஒரு மணி நேரத்தில் மூவாயிரத்தறுநூறு நொடி. ஒரு கன மீட்டரில் ஆயிரம் லிட்டர். மூவாயிரத்தறுநூறை ஆயிரத்தால் வகுத்தால் மூன்று புள்ளி ஆறு. நொடிக்கு ஒரு லிட்டர் என்பது மணிக்கு மூன்று புள்ளி ஆறு கன மீட்டர். அந்தக் கணக்கில் அளவு கொடுத்தால் ஆறு எத்தனை மடங்கு வேகமாக ஓடுமோ, அத்தனை மடங்குதான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நொடிக்குத் தொண்ணூறு லிட்டர் என்று அதனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது மறுபேச்சில்லாமல் செய்கிறது.

எழுதிய இடத்தில் ஆவி கலைந்து கண்ணாடி தெளிந்திருந்தது. அதன் வழியே அவள் உள்ளே பார்த்தாள். கரும்பலகையில் தொண்ணூறு இருந்தது. ஒன்பதின் வால் இடப்பக்கம் சுழித்திருந்தது. அது அவளுடைய சுழிதான். நிறம் சிவப்பு.

அவள் முந்தானையைப் பார்த்தாள். அதிலும் சிவப்புத் தூள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "பம்பு நல்லா இருக்கு. அவனும் நல்லா இருக்கான். நான்தான் சிவப்புல எழுதிட்டேன்."

மணிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "நீயா?" என்றார். அந்த வீட்டில் தண்ணீர்க் கணக்கில் அவள் தவறு செய்ததாகச் சரித்திரமே இல்லை. சற்றுப் பொறுத்து அவருக்கு என்னவோ செய்தது. முதலில் மீசை நடுங்கியது, பிறகு தோள் குலுங்கியது. கோலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்கிற நேரமா இது? ஆறு போகப்போகுதுங்க!"

"சாவி!" என்று நிமிர்ந்தார் அவர். "வலை இருக்கு. அவன் சாவியைத் தூக்கிக் காட்டட்டும். நான் அள்ளிடறேன்."

தம்பி வரும்போது அவள் கூவினாள்: "சாவியைக் கழட்டி உயரமா புடிடா!"

அடுத்த சுற்றில் அவன் பிடித்தான். ஆனால் வளையம் பம்பரமாகச் சுழன்றதால் கை ஆற்றின் அந்தப் பக்கம் போய்விட்டது. மணிக்காரர் நிதானமாக வலையை இறக்கியபோது தம்பி போய்விட்டிருந்தான். பின்னால் வந்த மேலாளரின் மடியிலிருந்த சுருள்தான் வலையில் ஏறியது. அதை அவர் மரியாதையாகப் பாலத்தின் கைப்பிடி மேல் வைத்தார். அது உருண்டு மறுபக்கம் விழுந்து, பையிலிருந்து நழுவி, ஆற்றில் பாயாக விரிந்தது. ஐம்பத்திரண்டு கார்களுக்கான இடம் நீல மையாகக் கரைந்துகொண்டே வளைவில் திரும்பி மறைந்தது.

இரண்டாம் முறை ஆய்வாளரின் கழுத்துப்பட்டியில் வலை உரசியது. "பணிக்கு இடையூறு!" என்றார் அவர், போகிற போக்கில்.

"மாமா!" என்றான் தம்பி அவருக்குப் பின்னாலேயே. "மணிக்கணக்கா யோசிக்காதீங்க! நொடியில போடுங்க!"

"அவன் கையில புடிக்க வேணாம்," என்றாள் ஆத்தக்கா. "அவன் சுத்தாம இருக்கணும். டேய்! மல்லாந்து படுத்துக்க! ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விடு, சுத்துறது நிக்கும்! கயித்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டு!"

இது முழுவதும் அவன் காதில் விழ மூன்று சுற்றுகள் ஆயின. 'மல்லாந்து' ஒரு சுற்றிலும், 'கையை விடு' ஒரு சுற்றிலும், 'கட்டைவிரல்' ஒரு சுற்றிலும் போய்ச் சேர்ந்தன. ஆனால் பொறுமையே அறியாத அவன் அன்று பொறுமையாக மூன்று சுற்றுகள் சுற்றி, முழுச் செய்தியையும் வாங்கிக்கொண்டு, நான்காம் சுற்றில் மல்லாந்து கிடந்தான். வானத்தை நோக்கி நின்ற அவனது வலக்கால் கட்டைவிரலில் சிவப்புக் கயிறும் அதன் நுனியில் சாவியும் பளபளவென்று வந்தன.

மணிக்காரர் பாலத்தில் குனிந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் நொடிகளை எண்ணினார். ஆய்வாளர் வளைவுக்கு அப்பாலிருந்து உதவினார்: "அறுபத்திரண்டு! அறுபத்துமூணு! அறுபத்து—"

"மூணு... ரெண்டு..." என்றாள் ஆத்தக்கா. "இப்ப!"

வலை சரக்கென்று இறங்கியது. கட்டைவிரல் அந்தப் பக்கம் போயிற்று. சாவி இந்தப் பக்கம் நின்றது. பாலத்துக்கு அடியிலிருந்து, "மாமா, நீங்க மனுஷனே இல்ல, மீன்கொத்தி!" என்று ஒரு குரல் கேட்டது.

பம்புகள் நின்றன. ஆறு மூச்சு வாங்கி, நடந்து, நின்றது. மூவரும் படிக்கட்டில் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது சற்று அதிகம்; நிலம் அவர்களுக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால், உயிர்காப்பாளப் பெண் ஒவ்வொருவராகப் பிடித்து ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்தாள். மூவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். பிறகு மூவரும் மறுபக்கம் சாய்ந்தார்கள்.

"யாரு பண்ண தப்பு இது?" என்றார் மேலாளர், தலைச்சுற்றலில் அங்கிருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு. கேட்க நினைத்தது ஆத்தக்காவைத்தான்.

"நான்தான் சார்," என்றான் நொடிக்காரன் உடனே. "எப்பவும் இருபத்தஞ்சு வர்ற எடத்துல தொண்ணூறு வந்திருக்கு. ஆய்வு நாளாச்சே, அக்கா பெருசா யோசிச்சிருக்கான்னு நெனச்சுட்டேன். கேட்டிருக்கணும்."

"இல்லை சார், நான்தான்," என்றார் மணிக்காரர். "நீல சாக்பீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தீர்த்தது நான். புதுசு எடுத்து வைக்கலை."

இத்தனை ஆண்டுகளில் அந்த இருவரும் ஒரே கட்சியில் நின்றது அதுவே முதல் முறை. ஆத்தக்கா இருவரையும் பார்த்தாள். ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் பழி அவர்கள் மேல் பங்காகிப் போகும். ஒருவேளை ஆறும் பிழைக்கும்.

"ரெண்டு பேரும் இல்லை சார்," என்றாள் ஆய்வாளரிடம். "எழுதினது நான். இவங்க சண்டை போடக்கூடாதுன்னு அலகையே எழுதாம நிறத்தை வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அவசரத்துல நிறம் மாறிப்போச்சு. மணிக்குத் தொண்ணூறு கன மீட்டர் போக வேண்டியது, நொடிக்குத் தொண்ணூறு லிட்டரா போச்சு. மூணு புள்ளி ஆறு மடங்கு."

ஆய்வாளர் கழுத்துப்பட்டியைத் தோளிலிருந்து எடுத்துப் பிழிந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. அறுபத்தேழு, அறுபத்தேழுன்னு."

"கையெழுத்து கிடையாது, அவ்வளவுதானே சார்?" என்றார் மேலாளர். ஆனால் அவர் குரலில் பழைய வீரியம் இல்லை. கண்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் படிவத்தை விரித்தார். "இந்த மாதிரி எடத்துக்கு எல்லாம் நாங்க ஒண்ணு கேப்போம். வழக்கமான ஓட்டத்தை விட ஒண்ணரை மடங்கு அதிகமா ஓட்டிக் காட்டணும். கரை தாங்குதா, யாருக்காவது அடிபடுதான்னு பார்க்க. நிறையப் பேரு பயந்துகிட்டு ஒண்ணேகாலோட நிறுத்திடுவாங்க. ஆள் ஏத்தாம ஓட்டினாப் போதும்." அவர் கரையைப் பார்த்தார், ஒரு விரிசல் இல்லை. பெஞ்சைப் பார்த்தார், ஒரு சிராய்ப்பு இல்லை. "மூணு புள்ளி ஆறு மடங்குல, என்னையே ஏத்தி ஓட்டிக் காட்டினவங்க நீங்க ஒருத்தர்தான்."



"இப்ப சரியான அளவுல ஒரு சுத்து. நாலு நிமிஷம் வந்தா மேற்கொண்டு பேசுவோம்."

ஆத்தக்கா அறைக்குள் சென்றாள். பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுத்துக்கூட்டி எழுதினாள்: "மணிக்கு 90 கன மீட்டர். அதாவது நொடிக்கு 25 லிட்டர்." கணவரும் தம்பியும் இரண்டு தோள்களுக்கும் பின்னால் நின்று படித்தார்கள். ஆளுக்கு இரண்டு பம்பாக ஓடவிட்டார்கள்.

ஆய்வாளர் தனியாக மிதந்து போனார். தண்ணீர் அவரைத் தாலாட்டிக்கொண்டு போய், தாலாட்டிக்கொண்டு வந்தது. கடிகாரத்தை அமுக்கினார். "இருநூத்தி நாப்பது நொடி," என்றார். நொடிக்காரன் வாயைத் திறப்பதற்குள் மணிக்காரரே முந்திக்கொண்டார்: "நாலு நிமிஷம்!"

படிவத்தில் 'சோதித்த உச்ச அளவு' என்று ஒரு வரி இருந்தது. ஆய்வாளர் பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "எவ்வளவுன்னு எழுத?"

"ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தாறு!" என்றார் மணிக்காரர்.

"முந்நூத்தி அறுபது!" என்றான் நொடிக்காரன்.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அவர் காது மடல்கள் சிவந்தன. அந்த வரியில், அரசு முத்திரை போட்ட அந்தப் படிவத்தில், அலகையே காணோம். எண்ணுக்கு மட்டும் ஒரு கோடு போட்டு, மீதியை ஆண்டவனிடம் விட்டிருந்தார்கள்.

முதலில் சிரித்தது மேலாளர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தம்பியைத் தொற்றி, மணிக்காரரைத் தொற்றி, உயிர்காப்பாளப் பெண்ணின் விசில் வழியே பீப்பீ என்று வெளிவந்தது. கடைசியில், சிரிப்பின் சுவடே இல்லாத அந்த முகத்தில் ஒரு கோடு பிளந்தது. பழக்கமில்லாத கதவு திறப்பதுபோல் கிரீச்சென்று ஆய்வாளர் சிரித்தார்.

ஆத்தக்கா அவர் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, அந்தச் சிறிய கோட்டில் இடுக்கி இடுக்கி எழுதினாள்: மணிக்கு 1296 கன மீட்டர், அதாவது நொடிக்கு 360 லிட்டர். கீழே ஆய்வாளர் இரண்டு நிபந்தனைகள் போட்டார்: வெளியே நிறுத்தும் பொத்தான் வைக்க வேண்டும், எந்த எண்ணும் அலகில்லாமல் எழுதப்படக்கூடாது. அதன் கீழே, ஈரத்தில் மை சற்றே பரவியபடி, கையெழுத்து. அவள் அந்தத் தாளை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நனைந்திருந்தது, ஆனால் அன்று அந்த வளாகத்தில் நனையாதவர் யாரும் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

"சார்," என்றார் மேலாளர், ஆய்வாளரின் காதருகே. "அந்த உச்ச அளவுச் சோதனை... ஒரு தடவை போதுமா? ரெண்டு தடவை பண்ணணும்னு விதி ஏதாவது..."

ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எழுதின விதி இல்லை," என்றார். பிறகு கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டார். "ஆனா உறுதிப்படுத்திக்கிறது நல்லதுதான்."

இம்முறை பம்பு அறைச் சாவி ஆத்தக்காவின் கையில் இருந்தது. அவள் பலகையில் அலகோடு எழுதினாள். கணவரும் தம்பியும் உரக்கப் படித்தார்கள். அதன் பிறகே பம்பு ஓடியது. ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு வளையங்கள் பின்பக்கமாகப் பாலத்தைக் கடந்தன.

"ஆத்தக்கா!" என்று கைகளைத் தூக்கிக் கூவினார் மேலாளர். "இன்னும் ஒரே ஒ—"

அறுபத்தேழு நொடி எல்லோரும் காத்திருந்தார்கள்.

"—ரு சுத்து!"